மூன்றாம் பக்கம் தேர்வுக்கு வராது

நாகஜோதி தனது நாற்பத்தொன்றாவது மனுவைக் கொடுத்த திங்கட்கிழமைதான் அவளுக்கு வேலை முடிவானது.

அதற்கு முந்தைய நாற்பது மனுக்களும் ஒரே விஷயத்தைக் கேட்டவை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழைநாள் மத்தியானம், வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு குடிநீர் நீரேற்று நிலையத்தில் அவள் புருஷன் ஈஸ்வரன் மின்சாரம் தாக்கிச் செத்துப்போனான். மோட்டார் போடுவதும் அணைப்பதும் அவன் வேலை. விசாரணை அறிக்கை நான்கு பக்கம் வந்தது. அதன் கடைசி வரி, ‘பாதுகாப்புக் கையுறை வழங்கப்பட்டிருந்தும் அதை அணியாமல் மெயின் பெட்டியைத் தொட்டு, தன் கவனக்குறைவால் இறந்தார்’ என்று முடிந்தது. அந்த ‘தன் கவனக்குறைவால்’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்பதுதான் நாகஜோதியின் கோரிக்கை. வேறொன்றும் இல்லை. வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்கே செருப்பைப் போட்டுக்கொண்டு, மெயினை அணைத்துவிட்டு, அணைத்தது அணைத்ததுதானா என்று அவளை ஒருமுறை பார்த்துவரச் சொல்கிற ஆள் ஈஸ்வரன்.

நாற்பத்தொன்றாவது மனுவை வாங்கிய அதிகாரி அதை முழுவதும் படித்தார். அது ஒரு விபத்து என்றுதான் சொல்ல வேண்டும். அன்று மின்விசிறி ஓடவில்லை, விசிறிக்கொள்ள எடுத்தவர் படித்துவிட்டார். ஒரு பிழை இல்லை, ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. பக்கத்து மேசைக்காரரிடம், “இம்புட்டுத் தெளிவா எழுதுற பொம்பளைய வெளிய விட்டு வைக்கக் கூடாதுய்யா” என்றார். இரண்டு வாரத்தில் அவளுக்கு நியமன ஆணை வந்தது.

வேலை, ஆய்ந்தறி வாசிப்பு மையத்தில். ஒன்பதாம், பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையவழியில் விமர்சன வாசிப்பும் பகுப்பாய்வு எழுத்தும் சொல்லிக்கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்ட மையம் அது. திண்டுக்கல்லில் ஒரு இரும்புக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. வகுப்பு இணையவழி என்றாலும் ஆசிரியர்கள் நேரில் வந்தாக வேண்டும். ஒரே கூடத்தில் ஏழு ஆசிரியர்கள் ஏழு சுவர்ப்பகுதிகளைப் பார்த்து உட்கார்ந்து, ஆளுக்கொரு கணினியில் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்தினார்கள். அவளுடைய மாணவர்களுக்கு அடுத்த ஆசிரியரின் குரல்தான் தெளிவாகக் கேட்டது. பாடம் ஒன்றே என்பதால் அதில் பாதகம் இல்லை என்று மையம் முடிவு செய்திருந்தது.

மாணவர்கள் திரையில் முகத்தோடு ஒரு காதையும் காட்ட வேண்டும். முந்தைய வருடம் சில பிள்ளைகள் கேமராவுக்கு முன்னால் தங்கள் புகைப்படத்தை வைத்துவிட்டு விளையாடப் போனார்கள். பாஸ்போர்ட் படத்திலும் இரண்டு காதும் தெரியுமே என்று இந்த விதியை வகுத்த குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் இப்போது குழுவில் இல்லை.

வகுப்பு உறுதிமொழியோடு தொடங்கும். “நான் எதையும் பிறர் சொன்னார் என்பதற்காக அப்படியே ஏற்கமாட்டேன்” என்று ஆசிரியர் சொல்ல, மாணவர்கள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து. பிறகு பாடம். கடைசி நான்கு நிமிடம் கேள்வி நேரம். கேள்விகளை முந்தின நாளே அனுப்பி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாத கேள்விகள் சந்தேகப் பதிவேட்டில் எண்ணிட்டு வைக்கப்படும். பதினைந்து வேலைநாள் கடந்தால் சந்தேகம் நீங்கிவிட்டதாகக் கருதப்படும்.

விடைகளை மென்பொருள்தான் திருத்தியது. மையம் தரும் மாதிரி விடையோடு எண்பது சதவீதம் ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. இரண்டாம் பாடத்தில் அதற்கு ஒரு சோதனை வந்தது. சிறுமலைக்குப் போகும் பேருந்துகளின் கால அட்டவணையைக் கொடுத்து, அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தார்கள். பதினொன்றே கால் என்பது மாதிரி விடை. அந்தப் பேருந்து நின்று இரண்டு வருடமாகிறது என்று பிள்ளைகள் அத்தனை பேரும் எழுதிவிட்டார்கள். மாவட்டம் முழுக்கச் சிவப்பு. தேர்ச்சி விகிதம் பூஜ்யம் என்று மேலிடத்துக்கு எப்படி அனுப்புவது? மையத்தின் இயக்குநர் பெருமாள்சாமி ஒரே இரவில் வழி கண்டுபிடித்தார். எண்பது சதவீதத்துக்கு மேல் பிள்ளைகள் ஒரே மாதிரி எழுதினால் அதையே மாதிரி விடையாக மென்பொருள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். கணினியைப் பார்த்துக்கொள்ளும் முகமது யாசின் அப்படியே அமைத்துவைத்தான்.

அதற்கப்புறம் சிவப்பே வரவில்லை. பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கம் உருவாகியிருந்ததும் ஒரு காரணம். யாராவது ஒருவர் கட்டுரையை எழுதி அலைபேசிக் குழுவில் போடுவார். மற்ற இருநூற்றுப் பதினொரு பேரும் முதல் சொல்லை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள். பெருமாள்சாமிக்கு இது தெரியும். அவர் அதற்குக் கூட்டுச் சிந்தனை என்று பெயர் வைத்து மேலிடத்துக்கு எழுதி, பாராட்டுக் கடிதமும் வாங்கியிருந்தார்.

பெரும்பாலும் அந்த ஒருவர் தமிழ்மதிதான். அகரத்துப் பெண், பத்தாம் வகுப்பு. அப்பாவுக்குப் பூ வியாபாரம். வீட்டில் இருக்கும் ஒரே அலைபேசி விடியற்காலையில் அவரோடு சந்தைக்குப் போய்விட்டு மத்தியானம்தான் திரும்பும். சம்பங்கிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, விதிப்படி ஒரு காதைக் காட்டிக்கொண்டு அவள் வகுப்பைக் கேட்பாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தேர்வுக்கு வராது என்று சொன்ன பகுதியைத்தான் முதலில் படிப்பாள்.

ஏழாம் பாடம் புரட்டாசியில் வந்தது. தலைப்பு, ‘ஒரு விபத்தும் ஒரு படிப்பினையும்’. தெளிவான அரசு அறிக்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று கீழே போட்டிருந்தது. நாகஜோதி கோப்பைத் திறந்தாள். பெயர்களை நீக்கியிருந்தார்கள். ‘திரு. ஈ. என்பவர்’ என்று தொடங்கியது முதல் வரி. அடுத்த வரியை அவள் படிக்கத் தேவையில்லை. அது அவளுக்கு மனப்பாடம்.

மாதிரி விடையும் கூடவே இருந்தது. ‘தக்க சான்றுகளின் அடிப்படையில் அறிக்கை சரியான முடிவுக்கு வருகிறது. இறந்தவரின் கவனக்குறைவு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது.’

அவள் இயக்குநர் அறைக்குப் போனாள். பெருமாள்சாமி கொங்குநாட்டை ஒட்டிய தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் அறிக்கைன்னு தெரியாமப் போட்டுட்டோம்னு நெனச்சுட்டீங்களா? தெரிஞ்சுதானுங்க போட்டிருக்கோம். அந்தக் கோப்ப நாலு வருசமா மூட முடியல. மூடப் போறப்பெல்லாம் ஒரு மனு வந்து விழுந்துருது. பொதுமக்கள் ஆய்வு செஞ்சு ஏத்துக்கிட்டாங்கன்னு ஒரு சான்று இருந்தா மூடிரலாம்னு மேல சொல்றாங்க. பொதுமக்கள எங்கீங்க போய்த் தேடறது? அவங்கவங்களுக்கு வேலை இருக்குது. நம்ம பசங்க எரநூத்திப் பன்னெண்டு பேரு சும்மாதான உக்காந்து யோசிச்சுட்டு இருக்காங்க.”

அந்த அறிக்கை தப்பு சார் என்றாள் நாகஜோதி.

“தப்பா இருந்தா பசங்க கண்டுபுடிக்கட்டுங்களே. அதுக்குத்தானுங்க விமர்சன வாசிப்பு. நான் யாரையும் தடுக்கலையே? மாதிரி விடைய மட்டும் நேத்தே ஏத்திட்டோம், அவ்வளவுதான்.” ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். “கடைசில மதிப்பீட்டாளர்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடோணும். குடும்பத்துக்காரங்களே ஆய்வு செஞ்சு ஏத்துக்கிட்டாங்கன்னா கோப்பு நல்லாவே மூடிக்குமுங்க.”

வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“விடலாமுங்க. ஆனா விட்ட பிறகும் மூணு வருசத்துக்கு நீங்க எந்த மனுவும் போட முடியாதுங்களே. ஒப்பந்தத்துல கடைசிப் பக்கம். இம்புட்டு நல்லாப் படிக்கறவங்க, அதப் படிக்காமயா கையெழுத்துப் போட்டீங்க?”

படிக்கவில்லை. உள்ளே போனால் கோப்பைக் கண்ணால் பார்க்கலாம் என்ற அவசரத்தில் போட்ட கையெழுத்து அது.

அறிக்கையிலும் அவள் படிக்காத பக்கம் ஒன்று இருந்தது. மூன்றாம் பக்கம். உடல் எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, கை எந்த நிறத்தில் இருந்தது, சட்டைப்பையில் என்ன இருந்தது என்று தொடங்கும் பக்கம். முதல் நாள் மூன்று வரி படித்தவள், அதை மடித்து ஊசி குத்தி வைத்துவிட்டாள். நாற்பத்தொரு மனுக்களையும் ஒன்று, இரண்டு, நான்கு பக்கங்களை வைத்தே எழுதினாள். அன்றைய வகுப்பில் கணினித் திரையில் அந்தப் பக்கம் வந்தபோது கை தானாக நகர்த்திவிட்டது. “மூணாம் பக்கம் தேர்வுக்கு வராதுப்பா” என்று சொன்னாள்.

அடுத்த நாள் சந்தேகப் பதிவேட்டில் ஒரு சந்தேகம் ஏறியிருந்தது. அகரம், தமிழ்மதி. ‘கையுறை பூட்டிய அலமாரிக்குள் இருந்தால் அவர் அதை எப்படி அணிந்திருக்க முடியும்?’ அதன் மேல் ‘பாடப்பகுதிக்கு வெளியே’ என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அதைத் தொடர்ந்து தமிழ்மதியின் கட்டுரையும் வந்தது. மென்பொருள் நான்கு சதவீதம் என்று காட்டியது. இரண்டாம் பாடத்துக்குப் பிறகு வந்த முதல் சிவப்பு.

நாகஜோதி வீட்டுக்குப் போய் ஊசியைப் பிடுங்கினாள். சட்டைப்பைக்கு அடுத்து, அறையில் இருந்த பொருட்களின் பட்டியல். ஒன்பதாவது பொருள்: ‘கையுறை ஒரு ஜோடி, பிரிக்கப்படாத உறையில், பூட்டிய இரும்பு அலமாரிக்குள். திண்டுக்கல் அலுவலகத்திலிருந்து மாலை 6.10க்குக் கொண்டுவரப்பட்ட சாவியால் அலமாரி திறக்கப்பட்டது.’ ஈஸ்வரன் செத்தது மூன்றே முக்காலுக்கு.

நான்கு வருடமாக அது வீட்டில், பீரோவில், அவள் சேலைகளுக்கு அடியில் இருந்தது. அவள் வெகுநேரம் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தமிழ்மதிக்குச் சிந்தனைத் திருத்தம் நடந்தது. சிவப்பு வாங்கிய மாணவரைப் பெற்றோரோடு திரைக்கு வரவழைத்து, இயக்குநரே அறிவுரை சொல்லும் நிகழ்ச்சி அது. நாகஜோதியும் யாசினும் சாட்சிக்கு உட்கார வேண்டும். திரையில் பெண்ணின் பக்கத்தில் அவள் அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய காதும் தெரிந்தது.

பெருமாள்சாமி, எங்கிருந்து இந்த யோசனை வந்தது, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மிக அன்பாகக் கேட்டார்.

“யாரும் சொல்லல சார். நீங்க குடுத்த மூணாம் பக்கத்துலயே இருக்கு. சாவி ஆறு பத்துக்கு வந்துருக்கு. அவரு மூணே முக்காலுக்கே எறந்துட்டாரு. பெறகு அவரு எப்பிடி சார் கையுறைய எடுத்துருப்பாரு?”

“பாரு சாமி, நீ கேள்வி கேக்கோணும்னுதான் இம்புட்டு செலவு பண்ணி மையம் நடத்தறோம். ஆனா நீ கேக்கற கேள்விக்குள்ளயே பதில் இருக்குதே. அது கேள்வி இல்ல, குத்தச்சாட்டு. விதி பதினாலு. கேள்வின்னா, கேட்டு முடிச்ச பிறகும் யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது.” பிறகு அப்பாவிடம் திரும்பினார். “ஏனுங்க, பொண்ண மேல படிக்க வைக்கறதா எண்ணமுங்களா? நாங்க குடுக்கற சான்றிதழ்ல ‘தானாக யோசிக்கிறார்’னு ஒரு குறிப்பு விழுந்துட்டா, எந்தக் காலேஜுலீங்க எடம் குடுப்பாங்க? அவங்களுக்கும் பயம் இருக்குமில்லீங்க.”

அப்பா எழுந்து நின்றுவிட்டார். எழுந்ததில் தலை திரைக்கு வெளியே போய், வெறும் சட்டைதான் தெரிந்தது. அந்தச் சட்டை கைகூப்பியது. திருத்தி எழுத மறுநாள் மாலை ஆறு மணிவரை அவகாசம் கொடுத்தார் பெருமாள்சாமி. மற்ற இருநூற்றுப் பதினொரு பேருக்கும் அதே ஆறு மணிதான் கெடு.

யாசின் வராந்தாவில் நாகஜோதியைப் பிடித்தான். “அக்கா, அந்தப் புள்ளைக்கு ஒரு போன் போட்டு மாதிரி விடைய எழுதச் சொல்லிருங்க. சான்றிதழ்ல அப்பிடி விழுந்துச்சுன்னா வாழ்க்கையே போயிரும். போன வருசம் ஒரு பையனுக்கு விழுந்துச்சு, எங்க போனான்னே தெரியல.”

அவள் போன் போட்டாள். திருத்தி எழுதிரு தாயி, எனக்காகவாவது எழுதிரு என்றாள்.

“மிஸ், அந்தத் திரு. ஈ. உங்க வீட்டுக்காரரா?”

நாகஜோதி யார் சொன்னார்கள் என்று கேட்டாள்.

“நீங்க எதையுமே தள்ளிவிட்டுப் போக மாட்டீங்க மிஸ். பஸ் டைம்டேபிளக்கூட அடிக்குறிப்பு வரைக்கும் வாசிச்சீங்க. மூணாம் பக்கத்த மட்டும் தள்ளிட்டீங்க.” பிறகு அவளே, “சரி மிஸ், அனுப்பிர்றேன். நாளைக்கு அஞ்சரைக்குக் குழுவுல போட்டுருவேன்” என்றாள்.

மறுநாள் ஐந்தரைக்குக் குழுவில் கட்டுரை விழுந்தது. கெடுவுக்கு அரை மணி நேரம். யாருக்கும் படிக்க நேரமில்லை. யாரும் எப்போதும் படித்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு மணிக்குத் திரை முழுக்கச் சிவப்பு பரவியது. யாசின் எழுந்து நின்றான். ஒரு நிமிடம் மென்பொருள் கணக்குப் போட்டது. பிறகு மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக, இருநூற்றுப் பன்னிரண்டும் பச்சைக்கு மாறின. நூறு சதவீதம்.

யாசின் ஒரு கட்டுரையைத் திறந்தான். இன்னொன்றைத் திறந்தான். நாகஜோதியைப் பார்த்தான். அப்போது பெருமாள்சாமி உள்ளே வந்தார்.

“எல்லாம் ஒண்ணுபோல எழுதியிருக்காங்களா?”

“ஒண்ணுபோல இருக்கு சார்” என்றான் யாசின், திரையை மூடியபடி.

பத்து நாளில் விழா நடந்தது. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. ‘ஒரு விபத்தும் ஒரு படிப்பினையும்: பொதுமக்கள் ஆய்வுடன்’ என்ற புத்தகம் வெளியிடப்பட்டது. முதல் நான்கு பக்கம் அறிக்கை, மீதி முந்நூற்று எழுபது பக்கம் மாணவர் கட்டுரைகள், இணைப்பாக. எடை போட்டுப் பார்த்தால் முக்கால் கிலோ இருக்கும். பெருமாள்சாமி மேடையில் நெகிழ்ந்துபோனார். “இந்த அறிக்கைய எரநூத்திப் பன்னெண்டு எளம் மூளைங்க வரி வரியா ஆய்வு செஞ்சிருக்குதுங்க. ஒருத்தர்கூட மாறுபடல. இப்படி ஒரு ஒத்துமைய நான் என் சர்வீஸ்ல பாத்ததில்லீங்க. இதுல ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் பொறுப்பு” என்றார். கைதட்டினார்கள். அந்த மேடையில் இருந்தவர்களில் புத்தகத்தைத் திறந்தவர் புகைப்படக்காரர் மட்டும்தான், படத்துக்காக.

பள்ளிகளுக்கு அனுப்பும் பிரதிகளில் கடைசிப் பக்கமாகச் சேர்க்க, மதிப்பீட்டாளர் கையெழுத்துக்கு நாகஜோதியைக் கூப்பிட்டார்கள். ‘இணைப்பில் உள்ள கட்டுரைகளில் கண்டபடி, நான் உடன்படுகிறேன்’ என்று இருந்தது. அவள் அதை மூன்று முறை படித்தாள். கடைசிப் பக்கம்வரை புரட்டியும் பார்த்தாள். பிறகு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கோப்பு மூடப்பட்டது. உள்ளே நான்காம் பக்கத்தில் ‘தன் கவனக்குறைவால்’ அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இருநூற்றுப் பன்னிரண்டு முறை, அலமாரி பூட்டியிருந்தது, சாவி திண்டுக்கல்லில் இருந்தது, பூட்டியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை என்றும் இருந்தது. அரசு முத்திரையோடு. புத்தகத்தைப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும், படிப்பினைக்காக எல்லா நீரேற்று நிலையங்களுக்கும் அனுப்பினார்கள்.

நாகஜோதி காத்திருந்தாள். யாராவது படிப்பார்கள். ஒரு வாரம் போனது, மூன்று வாரம் போனது. ஒரு பள்ளியில் ஆடுகிற மேசையின் காலுக்கு அந்தப் புத்தகத்தை முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்ததாக யாசின் சொன்னான். அவள் தினமும் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எதையும் அப்படியே ஏற்கமாட்டேன் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். எட்டாம் பாடம் தொடங்கியிருந்தது. தமிழ்மதிக்குச் சான்றிதழ் வந்தது. ‘கூட்டாகச் சிந்திக்கிறார்’ என்று போட்டிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மத்தியானம், அவள் வகுப்புக்கு முன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, நான் அந்தோணிராஜ். ஈஸ்வரண்ணன் எடத்துல இப்ப நான்தான் மோட்டார் பாக்குறேன். ஒரு தடவ அண்ணன் டிபன் பாக்ஸக் கொண்டாந்து குடுத்தேனே.”

ஞாபகம் இருக்கிறது என்றாள்.

“இங்க ஒரு பொஸ்தகம் அனுப்பிருந்தாங்க. மழைக்கு வெளிய போக முடியல, சும்மா பொரட்டுனேன். கடைசிலருந்து பொரட்டுனேங்கா. எல்லாம் ஒரே கட்டுரையா இருக்கேன்னு பத்துப் பதினஞ்சு வாசிச்சேன்.” அவன் குரல் தாழ்ந்தது. “அக்கா, அந்த அலமாரி இங்கதான் இருக்கு. இன்னும் பூட்டித்தான் இருக்கு. சாவி ஆபீஸ்ல.”

நாகஜோதி பொட்டலத்தைக் கீழே வைத்தாள். அவன் இருக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் இங்கே கேட்டது. அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

“கணுக்கால் வரைக்கும் நிக்குது. மெயின் பெட்டி வண்டு மாதிரி எரையுது. ஆபீஸ்லருந்து மூணு தடவ போன். ஊருக்குத் தண்ணி போகல, ஒடனே மெயினப் போட்டு மோட்டார ஓட்டுங்கறாங்க.”

அவள் இயக்குநர் அறையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெருமாள்சாமி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பெட்டியத் தொடாதீக. பூட்ட ஒடைங்க.”

“அரசாங்கப் பூட்டுக்கா. எழுத்துல வெளக்கம் கேப்பாங்களே.”

“எரநூத்திப் பன்னெண்டு பேரு எழுதிக் குடுத்தாச்சு. நானும் கையெழுத்துப் போட்டுருக்கேன், கடைசிப் பக்கம். கேட்டா அதக் காட்டுங்க. ஒடைங்க.”

அவன் அலைபேசியை எதன் மேலோ வைத்தான். அதற்குள் அவனுடைய இன்னொரு போன் அடிக்கத் தொடங்கியிருந்தது. அது அலுவலகத்திலிருந்து வரும் நான்காவது அழைப்பு. அதற்கு மேலாக, இரும்பில் கல் விழும் சத்தம் கேட்டது. நாகஜோதி காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் மற்ற ஆறு ஆசிரியர்களும் சுவரைப் பார்த்து உறுதிமொழியைத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாவது அடி. மூன்றாவது. திண்டுக்கல்லிலேயே செய்த பூட்டு, லேசில் திறப்பதில்லை. தண்ணீர் சொட்டுவது இப்போது சொட்டாக இல்லை, ஒழுக்காகக் கேட்டது. போன் விடாமல் அடித்தது. அவள் ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு, அடுத்த அடி விழுகிறதா என்று கேட்டபடியே நின்றாள்.